பாலம் கடத்தும் பிள்ளை

என் அண்ணன் நாம்தாருக்குப் பிள்ளை இல்லை. உயிரோடு இருந்தவரை அது ஒரு குறையாக இருந்ததே தவிர, பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. மாதுளைத் தோட்டம் இருந்தது, அண்ணி பிரூஸா இருந்தாள், வாசலில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக் குரைக்க ஒரு நாய் இருந்தது. செத்த பிறகுதான் பிரச்சினை. எங்கள் நம்பிக்கைப்படி, மூன்று ராத்திரி வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும் ஆத்மா நாலாம் நாள் விடியலில் பாலம் ஏற வேண்டும். நல்லவனுக்கு அந்தப் பாலம் வண்டி போகிற அகலம் இருக்கும், கெட்டவனுக்குக் கத்தி விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு, அதாவது முக்கால்வாசிப் பேருக்கு, இந்தப் பக்கம் நின்று கை கொடுக்க ஒரு பிள்ளை வேண்டும். பெற்ற பிள்ளை இல்லையென்றால் ஊர் கூடியிருக்கும்போது ஒருவன் பெயரைச் சொல்லி நியமிப்போம். அவன்தான் பாலம் கடத்தும் பிள்ளை. செத்தவருக்காக மாசாமாசம், வருஷாவருஷம் ஓதவைப்பது அவன் பொறுப்பு. சூரியன் முகம் காட்டுவதற்குள் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த ஆத்மா பாலத்தின் அடியில் நின்றுகொண்டே இருக்கும்.

என் அண்ணனுக்கு அந்தப் பிள்ளை என் மகன் பீஜன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடப் பிறந்த தங்கை நான் ஒருத்தி, எனக்குப் பிள்ளை அவன் ஒருத்தன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அண்ணன் தோட்டத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பேச்சு அப்போதே போய்விட்டது. அண்ணி ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை அகல விரித்து ஏதோ சொல்லப் பார்த்தானாம், முடியவில்லையாம். உடம்பை எங்கள் வழக்கப்படி, கழுகுகளுக்கென்று மலைமேல் இருக்கிற கோபுரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். பீஜன் தெஹ்ரானில் ரேடியோக் கடை வைத்திருக்கிறான். தந்தி கிடைத்ததும் பஸ் பிடித்து யஸ்து வந்து, அங்கிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். இடுப்பில் எங்கள் மதத்துக் கயிறு கட்டியிருக்கிறானா என்று அணைக்கிற சாக்கில் தடவிப் பார்த்தேன். கட்டியிருந்தான். லாரியில் வரும்போது கட்டியிருப்பான்.

நாலாம் நாள், இருட்டு பிரிவதற்கு முன்பே நானும் அண்ணியும் அடுப்படியில் உட்கார்ந்து எண்ணெயில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தோம். மூன்று நாளாக வீட்டில் கறி கிடையாது. பூண்டும் புளிக்காடியும் அரூதா இலையும் போட்ட சாறு ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. நாய்க்கு வைக்கிற பங்கை அண்ணி முதலிலேயே தனியாக எடுத்து வைத்திருந்தாள். செத்தவரின் பங்கை நாய் தின்ற பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம்.

"அண்ணி, பீஜன் குளிச்சுட்டான். வெள்ளை போட்டுட்டு ரெடியா நிக்கறான்."

"நல்லது."

"ஓத வர்ற தஸ்தூர்கிட்ட பேரைச் சொல்லிட்டீங்களா?"

"அவரு ஓதி முடிச்சுக் கேப்பாருல்ல, அப்பச் சொல்றேன்."

"இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வச்சாத்தான் என்னவாம்?"

"ரொட்டியைப் பாரு மொர்வாரீத். கருகுது."

இப்படித்தான் அவள். எதையாவது கேட்டால் ரொட்டியைப் பார், பானையைப் பார் என்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் நேரான பதில் வாங்கியவள் இல்லை நான். அதற்காக அவளைப் பிடிக்காது என்றில்லை. பிடிக்கும்தான், ஆனால் எரிச்சல் வரும்.

பீஜன் ஈரத்தலையோடு வந்து வாசற்படியில் குந்தினான்.

"அம்மா, இதுக்கு நான் எப்பப்ப வரணும்?"

"முதல் வருஷம் மாசாமாசம். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை."

"எத்தனை வருஷத்துக்கு?"

"உனக்கு உடம்புல தெம்பு இருக்கற வரைக்கும்."

"மாசாமாசம் தெஹ்ரான்லேர்ந்து வந்தா கடையை யாரு பாக்கறது? அங்கேயே ஒரு விளக்கு ஏத்தி வச்சா மாமாவுக்கு வெளிச்சம் தெரியாதா என்ன?"

"வாயை மூடு. அத்தை காதுல விழப்போகுது."

அத்தை ஒரு முழம் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "திட்டாத. பய மனசுல இருக்கறதைச் சொல்றான். பொய் சொல்லலியே" என்றாள். சொல்லிவிட்டு மாவை உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஊர் வரத் தொடங்கியது. எதிரியாகவே இருந்தாலும் நாலாம் நாள் விடியலுக்கு வராமல் இருக்க மாட்டார்கள் எங்கள் ஆட்கள். அது தெரிந்திருந்தும், தீன்யார் உள்ளே நுழைவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த வீட்டுப் படியை அவர் மிதித்துப் பதினேழு வருஷம் ஆகிறது. அண்ணனைவிட இரண்டு வயசு மூத்தவர். தொப்பியைக் கழற்றாமல், யார் முகத்தையும் பார்க்காமல், செருப்புகள் கிடந்த மூலையில் போய் நின்றுகொண்டார். நிஜமாகவே செத்துவிட்டானா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னேன். அவர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

சின்ன வயசில் அவரும் என் அண்ணனும் ஒட்டிப் பிறந்த மாதிரி திரிவார்கள். எல்லாவற்றையும் கெடுத்தது தண்ணீர். எங்கள் ஊரில் மலையடிவாரத்திலிருந்து பூமிக்கடியில் கால்வாய் வெட்டித்தான் தண்ணீர் கொண்டு வருகிறோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறைத்தண்ணீர் உண்டு. முறையை அளக்க நாழிகை வட்டில். அடியில் ஓட்டை போட்ட செம்புக் கிண்ணம் அது. அண்டாவில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து மூழ்கும். இத்தனை வட்டில் மூழ்கினால் இன்னார் மடையை அடைக்க வேண்டும் என்று கணக்கு. அந்த வருஷம் மலையில் பனியே விழவில்லை. வட்டில் பார்க்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட, ஒரு ராத்திரி அண்ணன் போய் அவர் இடத்தில் உட்கார்ந்தான். முதலில் அண்ணன் முறை, அடுத்தது தீன்யார் முறை. அண்ணன் முறை முடியவே விடிந்துவிட்டது. விடிந்தால் தண்ணீர் கீழூருக்குப் போய்விடும். தீன்யார் புதிதாக வைத்திருந்த சர்க்கரைப் பாதாமிக் கன்றுகள் அந்த வாரத்திலேயே காய்ந்து விறகாகிவிட்டன.

தீன்யார் ஊர் நடுவில் நின்று கத்தினார். வட்டில் ஓட்டையில் மெழுகு வைத்துப் பாதி அடைத்திருக்கிறான் நாம்தார், அதனால்தான் அது மெதுவாக மூழ்கியது என்றார். பெரியவர்கள் வட்டிலை எடுத்துப் பார்த்தார்கள். மெழுகும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல" என்று ஒரே வார்த்தை சொன்னான். அதோடு முடிந்தது. தீன்யார் பொய்யர் என்று ஆகிவிட்டது.

திருடன் என்று சொன்னால்கூட எங்கள் ஆட்கள் எப்படியோ சமாளித்து வாழ்ந்துவிடுவார்கள். பொய்யன் என்று பெயர் வாங்கினால் பிழைப்பில்லை. பருவ விருந்துகளில் உலர்பழம் பங்கு வைக்கிற வேலை தீன்யாரிடம் இருந்தது. அதைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்தார்கள். ஒரு காரியத்துக்கும் சாட்சிக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. மெழுகுக்காரர் என்று ஒரு பட்டப்பெயர் ஊர் முழுக்கப் பரவியது. அதை வைத்தவள் நான்தான். என் அண்ணன்மேல் பழி சொன்னவரை வேறெப்படிக் கூப்பிடுவது?

தஸ்தூர் கூடத்தில் உட்கார்ந்து ஓதினார். நெருப்பில் சந்தனமும் குங்கிலியமும் புகைந்தன. ரோஜா, மாதுளை, ஒரு கிண்ணம் பால், அண்ணன் ஒரு தடவைகூடப் போடாமல் வைத்திருந்த புது வெள்ளைச் சட்டை எல்லாம் விரிப்பில் இருந்தன. கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. பீஜனைத் தள்ளித் தள்ளி முன்வரிசைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தேன். ஓதி முடித்ததும் தஸ்தூர் நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நாம்தாருக்குப் பாலம் கடத்தும் பிள்ளை யாரு?"

அண்ணி எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"தீன்யார்" என்றாள்.

அறுபது வயசில், செத்தவனைவிட மூத்த ஒரு பிள்ளை! அதுவும் இந்த ஆள்!

"தஸ்தூர், அண்ணிக்கு மூணு நாளா தூக்கமில்ல. என்ன பேசறோம்னே தெரியாமப் பேசறாங்க" என்று எழுந்தேன். "பீஜன், எந்திரிடா. முன்னாடி வா."

பீஜன் எழுந்திருக்கவில்லை. நெருப்பைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தான்.

செருப்பு மூலையிலிருந்து தீன்யார் குரல் வந்தது. "என்ன பிரூஸா, கேலியா? இத்தனை வருஷம் பண்ணின கேலி பத்தலன்னு எழவு வீட்டுல வச்சும் பண்றியா? ஊருல வேற ஆளா கிடைக்கல?" சொல்லிக்கொண்டே குனிந்து செருப்பைத் தேடினார்.

"அண்ணே, நில்லுங்க. வட்டில்ல மெழுகு வச்சது எங்க வீட்டுக்காரருதான்" என்றாள் அண்ணி.

தீன்யார் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"பொய் சொல்லாதீங்க அண்ணி!" என்று கத்திவிட்டேன். நெருப்புக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு நாலைந்து பேர் முகத்தைச் சுளித்தார்கள்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை அவள் முகத்தில். "பதினேழு வருஷமா வாயத் திறக்காம இருந்தேன் பாரு, அதுதான் மொர்வாரீத் பொய். இப்பச் சொல்றது இல்ல. அடுத்த வருஷமே எங்கிட்ட சொல்லிட்டாரு. விடியறதுக்குள்ள நகத்தாலயே சுரண்டி எடுத்துட்டாராம். நம்ம மரமும் காயுதேன்னு புத்தி கெட்டுப் பண்ணிட்டேன்னு அழுதாரு. போய்ச் சொல்லிடுங்கன்னேன். ஒவ்வொரு விருந்துக்கும் இன்னிக்குச் சொல்லிடறேன்னு கிளம்புவாரு, முழுங்கிட்டுத் திரும்பி வருவாரு. சாகறப்பவும் வாயத் திறந்தாரு, பேச்சு வரல. வேற என்னத்தச் சொல்ல வந்திருப்பாரு?"

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர், "அதுக்காக அம்மா, புருஷன் மானத்தை இப்படி நடுக்கூடத்துல..." என்று இழுத்தார்.

"மானத்தை வச்சு நான் என்ன பண்றது? அவரு அங்க பாலத்தடியில நிக்கறாரு. ஓதிக் கழிக்கற பாவம் வேற, ஒரு மனுஷனுக்குப் பண்ணின பாவம் வேற. அந்த மனுஷன் விட்டாத்தான் வழி. இல்லன்னா பாலத்துக்கு நடுவுல அந்த மனுஷனோட வழக்கு குறுக்க வந்து நிக்குமாம். நீங்கதான தஸ்தூர் சொல்லியிருக்கீங்க?"

"ஆமா" என்றார் தஸ்தூர். அவருக்கே வியர்த்திருந்தது. "அதை ஓதி விலக்க என்னால ஆகாது. தீன்யார் மனசு வச்சாத்தான் ஆகும். சீக்கிரம் ஆகட்டும், மலை உச்சி சிவந்துடுச்சு."

"பீஜன் நல்ல பய" என்றாள் அண்ணி. "ஆனா அவன் கை பிடிச்சு இழுத்தாலும், எதுக்க மறிச்சு நிக்கறவர் நகரணுமே. அதான் மறிக்கறவரையே கூட்டிட்டுப் போகச் சொல்றேன். அண்ணே, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். முடியாதுன்னா நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

தீன்யார் நிமிர்ந்தார். செருப்பு ஒன்று கையில் இருந்தது. முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. எதையோ வெகுகாலம் சுமந்துவிட்டு, இறக்கி வைக்கச் சொன்னால் எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல நின்றார். பிறகு செருப்பைக் கீழே போட்டார்.

"இங்க இருக்கற எல்லாருக்கும் கேட்டுச்சா?"

பெரியவர்கள் தரையைப் பார்த்தபடி கேட்டது என்றார்கள். பங்கு வைக்கிற வேலையை அவரிடமிருந்து பிடுங்கியவர்களும் சொன்னார்கள்.

"மொர்வாரீத், உனக்குக் கேட்டுச்சா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல், அண்ணிமேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அண்ணன்மேல். தலையைக் குனிந்துகொண்டு நின்றானே, அதை நான் அடக்கம் என்று நினைத்தேனே! அவனுக்காகத்தானே தெருத்தெருவாகச் சண்டை போட்டேன்? செத்து நாலு நாள்கூட ஆகாதவனை என் வாயால் திருடன் என்று சொல்லச் சொல்கிறார்கள். சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் ஒருவரும் என்னை அசைக்க முடியாது. என் பிடிவாதம் ஊருக்கே தெரியும்.

"அவ சொல்லாம நான் கை குடுக்க மாட்டேன்" என்றார் தீன்யார். "மத்தவங்க மறந்துட்டாங்க. அவ ஒருத்திதான் மறக்கவிடாம வச்சிருந்தா."

தஸ்தூர் வெளியே பார்த்தார். எதிர்வீட்டுக் காற்றுக் கோபுரத்தின் உச்சியில் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. அண்ணி என்னைக் கெஞ்சவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், அவ்வளவுதான். எனக்கு அப்போது மானமும் பிடிவாதமும் எதிரே தெரியவில்லை. அவன்தான் தெரிந்தான். வரப்பு மண் ஒட்டிய காலோடு, பாலத்தில் ஏறவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நிற்கிறான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு உயரம் என்றால் பயம்.

"கேட்டுச்சு" என்றேன்.

"என்ன கேட்டுச்சு?"

விடமாட்டார். அவரிடத்தில் இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

"நீங்க பொய் சொல்லல அண்ணே. எங்கண்ணன்தான் சொன்னான். அவன்தான் மெழுகு வச்சான். உங்களுக்கு அந்தப் பேரை நான்தான் வச்சேன். போதுமா? போங்க, போய்க் கையைக் குடுங்க, விடியுது!"

தீன்யார் தலையசைத்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. முன்னால் வந்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, ஓதி, திரும்பக் கட்டிக்கொண்டார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. பீஜன் எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்தான். அன்றைக்கு அவன் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். தீன்யார் தன் கைகளைத் தஸ்தூரின் கைகளுக்குள் வைத்தார்.

"நாம்தாருக்குப் பிள்ளையா நின்னு, செய்ய வேண்டியதெல்லாம் செய்வியா?"

"செய்யறேன்."

"அவன் மேல உனக்கு இருக்கற வழக்கு?"

தீன்யார் விரிப்பில் கிடந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"கன்னெல்லாம் போச்சு" என்றார் அந்தச் சட்டையிடம். "கன்னு போனாப் போகுதுன்னு ஒரு வருஷத்துல விட்டுட்டேன். எங்கூட இல்லாமப் போயிட்டியே, அதைத்தான் விட முடியல. பேசறதுக்கு ஒரு பய இல்ல இந்த ஊருல. ஒரு தடவை வந்து சொல்லியிருந்தா ரெண்டு அறை அறைஞ்சுட்டு அன்னிக்கே விட்டிருப்பேனே." மூக்கை உறிஞ்சினார். "சரி, விட்டேன். வழக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் சாட்சி. நான் குறுக்க நிக்கல."

தஸ்தூர் ஓதத் தொடங்கினார். ஊரே சேர்ந்து ஓதியது. தீன்யார் ஓதுவதை நடுவில் நிறுத்திவிட்டு, திறந்திருந்த வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, வெளியே யாரோ கிளம்பிப் போகிற மாதிரி மெல்லச் சொன்னார்.

"பாத்துப் போடா."

முற்றத்து மண்ணில் வெயில் இறங்கியது. எங்களில் செத்தவருக்காக அழக்கூடாது என்பார்கள். அழுகிற கண்ணீரெல்லாம் ஆறாகப் பெருகி, போகிறவர் வழியை மறிக்குமாம். அதற்குள் அண்ணன் பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. தீன்யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதோம்.